கிளிப்பச்சைப் பட்டும் மூன்று மாடிப் படியும்

புகையைக் குறைப்பது புண்ணியம்தான், நான் இல்லை என்றா சொன்னேன்? நடந்ததைக் கேளுங்கள்.

ஆண்டாளுக்குச் சாத்தக் கிளிப்பச்சையில் பட்டு எடுக்க, இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து ராஜபாளையம் போனேன்.

ஜவுளிக்கடை வாசலில் பெரிய போர்டு. பூமி சூடாகாமல் இருக்கக் கரண்டைக் குறைக்கிறார்களாம். அதனால் லிஃப்ட் ஓடாது, பாதி விளக்குதான் எரியும். பட்டு இருப்பதோ மூன்றாவது மாடியில்.

அந்த மங்கலில் பச்சை எது, நீலம் எது? வாசல் வெயிலில் பிரித்துப் பார்க்காமல் நம் ஊரில் யார் சேலை எடுப்பார்கள்? சேலை வெளியே வந்தால் விற்கிற பெண்ணும் கூடவே வரவேண்டும். அவள் வ. புதுப்பட்டிப் பிள்ளை, பெயர் மாரி.

இரண்டு தடவை இறங்கி ஏறினோம். இரண்டு சேலையும் வெயிலில் நீலமடித்தது. மூன்றாவது தடவை மாரி படியிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புட்டுத் தடவ தாயி ஏறி எறங்குத?"

"காலையிலருந்து எண்ணலம்மா. செத்த இருங்க, வாரேன்."

மனசு கேட்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன். "ஏய்யா, பட்டு அம்புட்டையும் வாசப்பக்கம் எறக்கிப் போடுங்க. லைட்டும் மிச்சம், இந்தப் பிள்ளை காலும் மிச்சம்."

"அட, இது எங்களுக்குத் தோணலையேம்மா! நாளைக்கே எறக்கிருதோம்."

மாரியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மூன்றாவது சேலையை அவரே வெயிலுக்குக் கொண்டுவந்தார். அசல் கிளிப்பச்சை!

நான் சொன்னது சரிதானே? நீங்களே சொல்லுங்கள்.

அடடா, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. "ரெண்டே நிமிசம், அணைக்காதப்பா" என்று நான் வாசலில் நிறுத்திவிட்டுப் போன ஆட்டோ, அந்த முக்கால் மணி நேரமும் புகை விட்டுக்கொண்டேதான் நின்றது.