அப்பாவின் இரட்டைப் பின்னல்

நான் நடித்த ஒரேயொரு படத்தில் எனக்குப் பேன் பிடித்த பிள்ளை வேடம். ஆவணப்படத்தில் ஏது வேடம், உள்ளதை உள்ளபடிதானே எடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். படம் எடுக்க வந்த அக்காவும் அப்படித்தான் சொன்னா. பாவம், பத்து வயதில் அவவை நான் ஏமாற்றிவிட்டேன்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அப்போது இரண்டு வருசம். தாழ்வுபாடு என்கிற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டில் நானும் தம்பியும் அப்பாவும்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னலும் ரிபனும் கட்டாயம். தலை விரித்துப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா போன முதல் வாரம் பக்கத்து வீட்டு மாமி பின்னிவிட்டா. ஒரு நாள் அவ வரவில்லை. நானும் வலு சந்தோசமாக வீட்டில் நின்றுவிட்டேன்.

அடுத்த நாளே அந்தச் சந்தோசத்துக்கு அப்பா முடிவு கட்டினார். விடியற்காலை வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளில் பறந்து வந்தார். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவி, விரல்களை மணந்து பார்த்து, என்னைக் கதிரையில் இருத்திப் பின்னத் தொடங்கினார். வலை பின்னுகிற கை அல்லவா, ஒரு மயிர் பிசகாது. ரிபன் கட்டும்போதுதான் வில்லங்கம். அப்பாவுக்குத் தெரிந்தது ஒரேயொரு முடிச்சு. சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தலை முழுகுவதற்கு முன் அதை அவிழ்க்கவே அரை மணித்தியாலம் வேண்டும். ஒருமுறை ரீச்சர் அவிழ்க்கப் பார்த்து நகம் முறிந்ததுதான் மிச்சம்.

"ஆரடி உனக்குப் பின்னுறது?" என்று வகுப்பில் கேட்டார்கள்.

"மாமி. அவ கொழும்பில பழகினவ. இது அங்கத்தை ஸ்டைல்."

ஒரு தகப்பன், அதுவும் மீன் பிடிக்கிறவர், மகளுக்குத் தலை பின்னுகிறார் என்று தெரிந்தால் என் மானம் என்னாவது? ஆனால் இரண்டு பிள்ளைகள் வீட்டில் போய்க் 'கொழும்பு முடிச்சு' வேண்டும் என்று அழுதார்களாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த நேரம்தான் அக்கா கமராவோடு வந்தா. கஷ்டத்துக்குள்ளும் பிள்ளைகளைப் படிப்பிக்கிற குடும்பங்களைப் பற்றிய படம். ஊருக்குள் அது 'சினிமா' ஆகி, கதாநாயகன் யார் என்று சித்தப்பா விசாரித்துத் திரிந்தார். முதல் நாள் நான் படிப்பதை எடுத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைக் கமரா அண்ணாதான் கண்டுபிடித்தார். போகும்போது அக்கா சொன்னா: "நாளைக்கு விடிய வாறம். அப்பா தலை பின்னுறதை எடுக்கவேணும். படம் முடிஞ்சதும் உங்கட பள்ளிக்கூடத்திலதான் முதல்ல போடுவம்."

பள்ளிக்கூடத்தில், எல்லோருக்கும் முன்னால், கொழும்பு மாமி சாரம் கட்டிக்கொண்டு திரையில் வரப்போகிறா!

பின்னேரம் அப்பா வலையோடு கரையில் நின்ற நேரம், குசினியில் மீன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன். வலப்பக்கம் காதோடு. இடப்பக்கம் கை நோக, கழுத்தோடு. இரண்டு பின்னலையும் வேலிக்கு வெளியே எறிந்தேன். அங்கே நின்ற கழுதை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தலையில் துவாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டு காய்ச்சல் என்று படுத்துவிட்டேன்.

விடிய அப்பா வந்தார். அன்றைக்கு மட்டும் ஸ்திரி போட்ட சேட்டு. பொக்கற்றில் புது ரிபன். கமரா ஓடிக்கொண்டிருந்தது. கதிரையில் இருத்தித் துவாயை எடுத்தார்.

"ஐயோ, பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று அக்கா பதறினா.

அப்பா என் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் வெட்டினனான்," என்றார் கமராவைப் பார்த்து. "சரியான பேன்."

பேன்! மானத்தைக் காப்பாற்ற முடியையே கொடுத்தவள் நான். இந்த மனிசன் ஒரே சொல்லில் அதைக் கப்பலேற்றிவிட்டார். படம் பள்ளிக்கூடத்தில் ஓடியபோது என் பக்கத்தில் இருந்தவள் மெல்ல எழும்பி அடுத்த வாங்கில் போய் இருந்தாள். திரையில் அப்பா, நீளமாக இருந்த இடப்பக்க முடியைக் கோதிச் சேர்த்து, விரலளவு குடுமிக்குப் புது ரிபனைக் கட்டிக்கொண்டிருந்தார். அதே முடிச்சு. பின்னால் அக்காவின் குரல்: "அம்மா போன பிறகு இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் தவறியது ஒரேயொரு நாள்." ரீச்சர் கண்ணைத் துடைத்தா. அவவுக்கும் பேன் பயம் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அழைத்தா. படம் அவவின் ஃபோனுக்கும் போயிருந்தது. முற்றம் முழுக்கக் கேட்டது: "நான் வருமட்டும் பிள்ளையின்ர தலையில கத்தரி வைக்கக்கூடாது எண்டு சொன்னனானெல்லோ! உங்களிட்ட வேற என்ன கேட்டனான்?"

அப்படி ஒரு வாக்கு இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"ஓம்... ஓம்... பிழைதான்," என்றார் அப்பா. ஃபோனை வைத்ததும் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். உண்மையைச் சொன்னால் அம்மா வந்ததும் விளக்குமாறு பேசும் என்று நான் வாயே திறக்கவில்லை. சொல்லப்போனால், பேன் என்று சொன்னதற்கு இது வேண்டும் என்றும் நினைத்தேன்.

அம்மா திரும்பி வந்து கனகாலம். போன மாசம் தம்பி எங்கோ தேடிப் பிடித்து அந்தப் படத்தைப் போட்டான். அம்மா பழைய பாட்டைத் தொடங்கினா. "இந்த மனிசனிட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்..." எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அம்மா, அது நான் வெட்டினது."

அம்மா கணவாய் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"படத்தைப் பாத்த உடனேயே. ஒரு பக்கம் காது, ஒரு பக்கம் கழுத்து. விரலால அளந்து வலை பின்னுற மனிசன் அப்பிடிக் கோணலா வெட்டுமே?"

"பிறகேன் அவரை ஏசினனீங்கள்?"

"நான் நம்பாட்டி, அந்தாள் உனக்காகச் சொன்ன பொய் வீணாப் போயிருமெல்லோ," என்றா அம்மா. "அதோட, ஏசாமல் விட்டிருந்தா நான் அந்தப் பக்கம் இருந்து அழுதிருப்பன்."

விறாந்தையில் வலையோடு இருந்த அப்பா எதுவும் கேட்காதவர் போல நூலைப் பல்லால் கடித்தார். பத்து வயதில் நான் ஏமாற்றியதாக நினைத்தவர்களில் அந்த அக்கா ஒருத்திதான் உண்மையில் ஏமாந்திருக்கிறா.