சுண்ணாம்பு ஊசி

துபாயிலிருந்து லீவில் வந்த என் வீட்டுக்காரர், லப்பைக்குடிகாட்டு வீட்டு ஹாலில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்தார். சென்னையில் வாங்கிய, கடல் உயிர்கள் ஒட்டி வளரும் உயிர்க்கல்லை அதில் இறக்கி, ஆரஞ்சு நிற மீன் இரண்டை விட்டார். "கல்லுல பவளம் பூக்கும். பூத்தா சொல்லு, புள்ள" என்றுவிட்டு விமானம் ஏறிவிட்டார். வீட்டில் மிஞ்சியது நானும் காது கேளாத மாமியாரும்தான். அந்த மீன்கள் இல்லையென்றால் எனக்குப் பேச்சே மறந்து போயிருக்கும்.

ஒரு மாதத்தில் கல்லில் பழுப்பாக ஒன்று விரிந்தது. போனில், "பூ பூத்துருச்சுங்க!" என்று கத்தினேன். அவருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இறாலை நசுக்கிக் குடு" என்றார். கொடுத்தேன். ஒன்று இருபதானது. ஒரு நாள் சின்ன மீனின் விலாவில் தோல் வெந்து உரிந்திருந்தது. பூதான் தேள் மாதிரி கொட்டியிருந்தது.

ஊட்டி வளர்த்தவளே நான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சவர பிளேடோடு கையை உள்ளே விட்டுக் கண்டதுண்டமாக வெட்டினேன். புறங்கை எரிந்து தடித்தது. பத்தே நாளில் வெட்டிய துண்டெல்லாம் பிழைத்து, கல் முழுக்கப் பூவாகிவிட்டது.

அவர் அங்கே மீன் கடையில் விசாரித்துச் சொன்னார்: "அது பவளமில்ல, களை. சுண்ணாம்பைக் கரைச்சு ஊசியில ஏத்து. ஒரு நாளைக்கு ரெண்டுதான். கூடுனா மீன் தாங்காது."

மாமியாரின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, மருந்துக் கடையில் வாங்கிய ஊசியில் ஏற்றினேன். முதல் பூவின் வாயில் ஊசியைச் செருகி அழுத்தியதும் சுருண்டு துடித்துக் கரைந்தது. மறைப்பானேன், எனக்கு இனித்தது. இரண்டோடு நிற்க மனம் வரவில்லை. "சாவு, சனியனே!" என்று ஒன்றுவிடாமல் குத்தினேன். தண்ணீர் வெளுத்ததைப் பார்த்த மாமியார், "யா அல்லா, யாரைம்மா கொல்றே?" என்று அலறினார்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. காப்பாற்றும் வெறியில் இரண்டையும் அள்ளி, குடிக்கிற நல்ல தண்ணீர்க் குடத்தில் போட்டேன். கடல் மீனுக்கு நல்ல தண்ணீர்தான் எமன் என்று தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் குடத்தில் முட்டி மோதிவிட்டுச் செத்தன.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "மீனை நான்தாங்க கொன்னுட்டேன்" என்று அழுதேன்.

"விடு புள்ள, வேற ஜோடி வாங்கிக்கலாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மீனு யாருக்கு வேணும்? இந்த வூட்டுல நான் பேச ஒரு ஆளு வேணும். நீங்க எப்ப வர்றீங்க?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"லைன் கட்டாயிடுச்சா?"

"இல்ல புள்ள, இருக்கேன்" என்றார், துபாயிலிருந்து.