பெரியப்பாவுக்கு முன்கூட்டியே வந்த அறுபது

பிள்ளைகளா, போன வாரம் தாத்தாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்ததை அவர் முகத்துக்கு நேராக நான் சொன்னதும், அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டதும் நீங்கள் இரண்டு பேரும் பார்த்ததுதான். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அத்தை போனில் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று திட்டியதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அவள் சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை. நம் வீட்டில் மறைத்ததெல்லாம் போதும்.

தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், என் பெரியப்பா. நம் வயலில் மோட்டார் கொட்டகைச் சுவரில் துருப்பிடித்துத் தொங்குகிற தகரப் பெட்டி அவர் செய்தது. போனில் மோட்டார் போடுவது இன்றைக்கு உங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. அப்போது இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல், பூச்சி பொட்டுக்குப் பயந்துகொண்டு வரப்பிலேயே காத்துக் கிடப்பார்கள். பெரியப்பா ஒரு பழைய பட்டன் போனைப் பெட்டிக்குள் வைத்து ஸ்டார்ட்டரோடு இணைத்தார். வீட்டிலிருந்து ஒரு ரிங் விட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பெட்டி கேட்டார்கள்.

கடைத்தெருவில் அவருக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. காயில் கட்டியது முக்கால்வாசி பெரியம்மாதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பகலெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்ப்பார்கள். பேப்பர்காரர் படம் எடுக்க வந்தபோது, இவளையும் சேர்த்து எடுங்கள் என்று பெரியப்பா பக்கத்தில் நிறுத்தினார். அச்சில் வந்த படத்தில் பெரியம்மாவின் முழங்கை மட்டும் இருந்தது. ஊரே வாங்கிப் பத்திரப்படுத்திய அந்தப் பேப்பரில் பெரியப்பா ஸ்பேனர்களைச் சுற்றி வைத்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் மோட்டார் கொண்டுவந்தாலும் அவர்கள் கண்முன்னே திறந்து, கருகிப்போன காயிலைக் காட்டிவிட்டுத்தான் மேலே பேசுவார். அவசர வேலை இருக்கிறது, போட்டுவிட்டுப் போகிறேன் என்றால் விட மாட்டார்.

"உன் பொருளு. உள்ள என்னா ஆயிருக்குன்னு நீ பாக்காம நான் கை வைக்க மாட்டேன். உக்காரு."

அப்படிப்பட்ட மனிதருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். எங்கும் பரவியிருந்தது, கை வைக்க முடியாது என்று அப்படியே தைத்துவிட்டார்கள். டாக்டர் அதை வெளியே வந்து என் அப்பாவிடம், உங்கள் தாத்தாவிடம் சொன்னார். அண்ணனிடம் அல்சர் என்று சொல்லிவிடலாம் என அப்பா அந்த வராந்தாவிலேயே முடிவு செய்தார். பெரியம்மாவிடம் தாலி மேல் சத்தியம் வாங்கினார். பெரியப்பா கேட்டால் புண் ஆறிட்டு என்று சொல்லவேண்டும் என்று எனக்கும் பாடம் நடந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று பெஞ்சு மேல் ஏற்றிய காலம் அது.

பெரியப்பா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ஆளே இல்லாத கொட்டகையில் மோட்டார் திடீரென்று ஓடும். பெரியப்பா போட்டுட்டாரு என்று நான் வாய்க்கால் வரைக்கும் ஓடுவேன். பிறகு அந்தப் போனையும் வாங்கிக்கொண்டார்கள். நலம் விசாரிக்கிற யாராவது உளறிவிடுவார்கள் என்ற பயம். போன் கதிர்வீச்சு புண்ணுக்கு ஆகாது என்று காரணம் சொன்னார்கள், யாரிடம், போனைப் பிரித்துப் பிரித்துப் பழகியவரிடம். மோட்டார் அதோடு ஓயவில்லை, அப்பா கையால் போட்டார். நான்தான் ஓடுவதை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். பெட்டி செய்கிற வேலையைப் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காயில் கட்டத் தெரிந்தவளுக்கு இது வராதா என்பார். பெட்டி ஊரெங்கும் ஓடுகிறது, பழுதானால் பார்க்க அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அவர் எழுந்து உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர், உடம்பு தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்று படுக்க வைத்தார்கள். தேறாது என்று தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். இன்றைக்கும் என் வயிறு எரிவது அந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்காகத்தான்.

இதற்கு நடுவில் ஜோசியர் ஒருவர், அறுபதாம் கல்யாணத்தை முன்னதாகவே நடத்திவிட்டால் ஆயுள் நீளும் என்றார். வேன் வைத்துத் திருக்கடையூர் போனோம். எமனை உதைத்த கோயில். எனக்குப் புதுச் சட்டை, மதியம் இலைச் சாப்பாடு, சந்தோஷத்துக்குக் கேட்க வேண்டுமா?

பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உட்கார வைத்துக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தார். பக்கத்திலெல்லாம் உண்மையாகவே அறுபது ஆனவர்கள், பேரன் பேத்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். அப்பா குனிந்தபோது பெரியப்பா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, எனக்கு அம்பத்தேழுதான் ஆவுது. மிச்சம் மூணு வருஷத்த யாரு எடுத்துக்கிட்டது?"

ஜோசியர் சொன்னாருண்ணே என்று அப்பா இழுத்தார்.

"மோட்டாரு கொண்டாரவனுக்கே நான் தொறந்து காட்டிட்டுத்தான் பேசுவேன். என்னைய தொறந்து பாத்துட்டு, எனக்குக் காட்டாம மூடிட்டீங்களேடா."

அப்பா அத்தனை கூட்டத்தில் வாய்விட்டு அழுதார். பெரியம்மா அழவில்லை. ஈரப் புடவையோடு, "எனக்கும் தெரியுங்க. என் வாயக் கட்டிப்புட்டாங்க" என்றாள். காரணத்தை மறைத்துச் செய்த சடங்கே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இத்தனை பேரில் ஒருவருக்காவது இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

திரும்பும்போது வேனில் மாயவரம் தாண்டியதும் பெரியப்பாவே பேச ஆரம்பித்தார். குரலில் கோபம் இருந்தது, பயம் இல்லை.

"சாவுன்னா என்னா, கரண்டு போற மாதிரிதான். எல்லா வீட்டுலயும்தான் போவுது. இன்ன நேரத்துக்குப் போவும்னு சொல்லிட்டா, இருக்குற குடம் தவலையிலயாவது தண்ணி புடிச்சு வச்சுக்கலாமுல்ல? அதக்கூட விடலயே நீங்க."

மறுநாளே கட்டில் ஓரத்தில் பெரியம்மாவை உட்கார வைத்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் சால்டரிங் வைத்தாள். அப்போதும் சண்டைதான். ஒயர் நிறத்துக்காகச் சண்டை. பாதி வேலையை அவள் கற்றுக்கொண்ட நிலையில் அவருக்குப் பேச்சு நின்றது. அவர் போன பிறகு பழுதாகி வந்த பெட்டிகளில் பாதியைப் பெரியம்மா சரிசெய்தாள். மீதியைத் திறந்து காட்டிவிட்டு, இது எனக்குத் தெரியாதுப்பா என்று திருப்பிக் கொடுத்தாள். ஊரிலிருந்த பெட்டிகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக நின்றன.

எனக்கு அப்போது கோபம் பெரியப்பா மேல்தான். ஊர் ஊராக வந்தவர்கள் முன்னால் என் அப்பாவை அழவைத்துவிட்டாரே, பாயசம் சாப்பிடுவதற்குள் எல்லோரையும் கிளப்பிவிட்டாரே என்று. ஒரு மனிதருக்கு மிச்சமிருந்த நாட்களை, அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் சேர்ந்து பிடுங்கிக்கொள்ள முடியும் என்பது அந்த வயதில் எனக்கு எப்படிப் புரியும்?

அதனால்தான் தாத்தாவிடம் சொன்னேன். நீங்கள் அழுதுகொண்டே வெளியே ஓடிவிட்டீர்கள், மிச்சத்தைக் கேட்கவில்லை. அவர் துண்டை எடுத்ததும் என்னைப் பார்க்காமல் கேட்டார்: "சம்பாவுக்கு நாத்து விடுற வரைக்கும் இருப்பனா?"

இருப்பீங்கப்பா என்றேன்.

"அப்ப வெதநெல்லு நான் பாத்து வாங்குறேன். நீ வாங்குனா ஏமாந்துருவ."

அன்று சாயங்காலம் நான் மட்டும் கொட்டகைக்குப் போனேன். பெரியப்பாவின் பெட்டியை இத்தனை வருஷமாக யாரும் தொட்டதில்லை. துருவேறிய திருகுகளை எண்ணெய் விட்டுக் கழற்றினேன். உள்ளே உப்பிப்போன பேட்டரியும், போனைச் சுற்றி மண்ணால் கட்டிய ஒரு குளவிக் கூடும் இருந்தன. கூட்டைக் கலைக்கவில்லை. மூடியை மட்டும் திரும்பப் போடாமல், மோட்டார் மேல் வைத்துவிட்டு வந்தேன்.