ஞானமலர் மிஸ்ஸியின் ஸ்கூட்டி

கரடியனாற்றுப் பக்கத்தில் ஞானமலரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஸ்ஸி என்றால் அவள்தான். அரசாங்கத்து மருத்துவிச்சி. கர்ப்பிணிகளின் வீடு தேடிப்போய்ப் பிறஷர் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது என்று அவளுடைய வேலை முழுவதும் கிறவல் மண் ரோட்டிலும் வயல் வரம்பிலும்தான். அதற்கு அவளிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டி.

சித்திரை வெயிலில் ஒருநாள் அதன் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஏறாவூரில் கராஜ் வைத்திருக்கும் உசனார்தான் புதுப் பிஸ்டன் போட்டு எழுப்பிக் கொடுத்தார்.

"மிஸ்ஸி, இது காத்துல ஆறுற எஞ்சின். கார் மாதிரி சூடு காட்டுற முள்ளு இதுல இல்ல. இன்னொருக்கா இறுகினா மறுகா என்னால ஒண்டும் செய்யேலா" என்றார். செலவில்லாத வழி ஒன்றையும் சொன்னார். இடையில் நிறுத்தி, எஞ்சின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டும். மெல்லக் காய்ந்தால் போகலாம். சீறித் துள்ளினால் ஆறும்வரை நிற்கவேண்டும்.

கொஞ்சக் காலம் அப்படித்தான் ஓடினாள். ஆனால் நிறுத்தினால்தானே சூடு தெரியும், ஓடும்போது தெரியாதே என்ற பயம் அவளை விடவில்லை. அவள் கணவன் மேர்வின் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். மலிவான மல்டிமீற்றர் ஒன்று அவனிடம் சும்மா கிடந்தது. சூடு அளக்கும் மெல்லிய வயர் ஒன்றும் அதோடு வந்திருந்தது. வயரின் நுனியை எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கின் அடியில் வைத்து இறுக்கி, மீற்றரை ஹேண்டிலோடு சேர்த்து டேப்பால் சுற்றிவிட்டான்.

"வழமையா எவ்வளவுல நிக்குதெண்டு ஓடிப் பார், மலர். இருநூறு டிகிரியத் தாண்டினா நிப்பாட்டு. அவசரமெண்டு தண்ணிய மட்டும் அள்ளி ஊத்திப்போடாத. எஞ்சின் வெடிச்சிரும்."

தார் ரோட்டில் அது நூற்றைம்பதை ஒட்டி நின்றது. மணலில் ஏறும், காற்றுப் பட்டால் இறங்கும். பார்த்துப் பார்த்து ஓடப் பழகிக்கொண்டாள். இரண்டு மாதம் ஒரு கரைச்சலும் இல்லை.

ஆவணியில் வயல் வட்டை முழுக்க அறுவடை மெசின்கள் இறங்கியிருந்தன. ரோட்டுக்கு மேலே தூசும் பதரும் புகையாகப் பறந்தன. அப்படி ஒரு மத்தியானம் மதுரன் அவளுக்குப் போன் எடுத்தான். அவன் மனைவி டினோஷாவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிள்ளை.

"மிஸ்ஸி, அவக்குத் தல வெடிக்கிற மாதிரி நோகுதாம். கண்ணுக்குள்ள மின்னுற மாதிரி இருக்காம்."

போன கிளினிக்கிலேயே டினோஷாவின் பிறஷர் கூடித்தான் இருந்தது. "உடனே அம்புலன்சுக்கு அடிங்க தம்பி. நானும் வாறன்" என்று சொல்லிவிட்டு ஞானமலர் புறப்பட்டாள்.

பாதி வழியில் மீற்றர் இருநூற்றைத் தாண்டியது. இவ்வளவு சுருக்காக அது ஒருநாளும் ஏறியதில்லை. நிறுத்தினாள். இரண்டு பக்கமும் அறுத்த வயல், ஒதுங்க ஒரு மரமில்லை. போனில் சிக்னல் இல்லை. இலக்கம் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஊற்றக் கூடாது. வேறு செய்வதற்கும் ஒன்றுமில்லை.

ஆறியதும் ஓடினாள். கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை, பழையபடி ஏறியது. இந்த முறை அவள் நிறுத்தவில்லை. இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது. மாதாவே, அந்த வீட்டு வளவு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டே முறுக்கினாள். பின் சில்லு சுற்றாமல் ஒரு இழுவை இழுத்து எஞ்சின் செத்துப்போயிற்று. ஸ்கூட்டியை ரோட்டோரம் சாய்த்துவிட்டு, பிறஷர் பார்க்கும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வளவில் மதுரனின் தாய் மட்டும் நின்றாள்.

"இப்பதான் மிஸ்ஸி, வலிப்பு வந்து, உழவு மெசினில ஏத்திப் போறாங்க."

"அம்புலன்ஸ் வரல்லியா?"

"நீங்க வாறன் எண்டு சொன்னீங்கதானே. மிஸ்ஸி வந்து பார்க்கட்டும், மறுகா அடிப்பம் எண்டு இருந்திட்டம்."



ஆஸ்பத்திரியில் டினோஷா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

உசனார் ஸ்கூட்டியைக் கழற்றிப் பார்த்தார். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழி முழுவதும் பதர் அடைத்திருந்தது. "விரலால தோண்டி எடுத்திருந்தாலே ஆறியிருக்கும் மிஸ்ஸி" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே பட்டது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றிரவு மேர்வின், "மீற்றர் பிழையாக் காட்டினதா?" என்று கேட்டான்.

"இல்ல. சரியாத்தான் காட்டினது."

பிள்ளை இல்லாவிட்டாலும் தாயைப் போய்ப் பார்க்கவேண்டும். அது அவளுடைய வேலை. டினோஷா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பஸ்ஸில் போய் இறங்கி நடந்து போனாள். டினோஷா பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் கட்டிச் சட்டை நனைந்திருந்தது.

"மிஸ்ஸி, அண்டைக்கு ஏன் சுணங்கினீங்க?"

"ஸ்கூட்டி நிண்டுட்டு, மகள்."

டினோஷா கையை நீட்டினாள். ஞானமலர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள். பிறஷர் இன்னும் இறங்கவில்லை.

"வாற கிளினிக்குக்குக் கட்டாயம் வரணும் மகள்."

"அங்க எல்லாரும் பிள்ளையோட இருப்பாங்க. நான் வரமாட்டன்."

ஞானமலர் பட்டியைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நான் இஞ்ச வாறன்" என்றாள். எதில் வருவது என்றும் தெரியாமல்தான் சொன்னாள்.