பத்தியக் கறியும் சீனக் கசாயமும்

மகள் பிறந்த பிறகு மூத்திரப்பையில் தொடங்கிய வலி என்னை விட்டுப் போகவே இல்லை. கழிப்பறையிலிருந்து வந்து உட்கார்ந்தால் மறுபடி எரியும். ஆஸ்பத்திரிப் பரிசோதனைகளில் கிருமி எதுவும் தெரியவில்லை. சிறப்பு மருத்துவருக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்க முடியாமல்தான், நாங்கள் குடியேறிய மோர்டனில் ஒரு சீன வைத்தியரிடம் போனேன்.

அந்த அம்மா நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கைகளிலும் நாடி பார்த்தார். வேரும் பட்டையும் கலந்த பொட்டலங்களைத் தந்து, அவித்துக் குடிக்கச் சொன்னார்.

"இதைக் குடிக்கும்வரை குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. காரமும் ஆகாது" என்றார் ஆங்கிலத்தில்.

மிளகாய்த்தூளைத் தொடுவதே இல்லை என்றேன். அது உண்மை.

மகள் மாப்பால் போத்தலைத் தள்ளிவிட்டு அழுதாள். நான் அடுத்த அறையில் மார்பு கனக்க நின்றேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மாமி, என் கணவரின் தாய், கதவைத் தட்டினார்.

"தாய் நோவோட கிடந்தா பிள்ளையை ஆர் பாக்கிறது? மூக்கைப் பொத்திக்கொண்டு குடி, பிள்ளை. சீனாக் கசாயமும் எங்கட கசாயமும் ஒரே நாத்தம்தான்."

குடித்தேன். பால் வற்றியது. வலி குறையவில்லை, சில மாலைகளில் கூடியது. பொட்டலங்கள் முடிந்து சில நாட்களில் வைத்தியரிடம் திரும்பப் போனபோது, என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்கென்று மாமி மிளகும் உள்ளிப்பூண்டும் அரைத்துச் சமைக்கும் பத்தியக் கறியைப் பற்றிச் சொன்னேன். மற்றவர்கள் சில வாரங்களில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு நோவு இருந்ததால் மாமி நிறுத்தவில்லை.

மிளகு எவ்வளவு என்றார். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன்.

"அதனால் இருக்கலாம். இந்த மருந்து உங்களுக்கு ஒத்துவராமலும் இருக்கலாம். மிளகை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கிப் பார்ப்போம்" என்று புதுப் பொட்டலங்களைத் தந்தார்.

பல்கலைக்கழகம் வரை படித்தவள் நான். மிளகு காரம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வீட்டில் அது மருந்து.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியும் அதையே கேட்டார். "மிளகு மருந்தெல்லோ?" பிறகு அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி மூடினார். "பால் இனி ஊறுமே, பிள்ளை?"

"தெரியேல்லை, மாமி."

மகளை மார்போடு அணைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் உறிஞ்சினாள். முகத்தைத் திருப்பிப் போத்தலைத் தேடினாள். அவளை மாமியிடம் கொடுத்துவிட்டு, புதுப் பொட்டலத்தைப் பிரித்து, அவிக்க வைத்த தண்ணீரில் கொட்டினேன்.