தம்பிக்குத் தேவைப்படாத மாத்திரை

அம்பத்தூரில் லேத் ஓட்டும் என் தம்பிக்குத் தைராய்டு குறைவு என்று ஒரு டாக்டர் சொன்னார். மூன்று வருடம் தினமும் காலையில் நானே மாத்திரை கொடுத்தேன். போகப் போக அவன் இளைத்தான், கை நடுங்கியது. ஒருநாள் வேலையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடித்திருக்கிறான் என்று நினைத்து, தெருவே பார்க்க அவனை அறைந்தேன்.

“சத்தியமா குடிக்கலக்கா. கை தானா ஆடிக்கினு கீது” என்றான். நான் நம்பவில்லை.

நெஞ்சு படபடப்பும் சேர்ந்த பிறகுதான் திருமுல்லைவாயிலில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து, புதிதாக ரத்தமும் பரிசோதித்தார்.

“இவருக்குத் தைராய்டு நல்லாத்தான் வேலை செய்யுது. அந்த ஹார்மோனை ரத்தத்துல சுமந்துட்டுப் போற புரதம்தான் கம்மி. அதனால டெஸ்ட்ல ஹார்மோன் அளவு கம்மியா இருக்கிற மாதிரி காட்டுது. உங்க அம்மா வழியா வந்த மரபணு மாற்றம். ஆம்பளைங்களுக்குத்தான் முழுசா வெளிய தெரியும். இதுக்கு மருந்தே வேணாம். வேண்டாத மாத்திரையாலதான் கை நடுங்குது.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராகப் பழைய டாக்டரிடம் போய் ரிப்போர்ட்டை மேசையில் வீசினேன்.

“இன்னா சார் பார்த்த நீ?” என்று கத்தினேன்.

“அளவு கம்மியா இருந்துச்சு, கொடுத்தேன்” என்றார், நிமிராமலே.

அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. என் மேல் அதைவிட அதிகம். தெருவில் அறைந்தவள், தம்பியிடம் மன்னிப்பை மட்டும் சமையலறையில், யாருக்கும் கேட்காமல் கேட்டேன்.