ராகிக் கொல்லையில் குறி தவறாமல் இறங்கினோம்

விண்கலம் காற்றுமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது அதைத் தடம் மாறாமல் இறக்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. காற்றின் அடர்த்தி மாறலாம், கலத்தின் எடை கணக்கோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். எது பிசகினாலும் குறித்த இடத்தில் இறங்க வேண்டும். அதன் கடைசிக் கட்டத்தைச் சோதிக்க, சென்ற கார்த்திகையில் பலூனிலிருந்து ஒரு மாதிரிக் கலத்தை விட ஏற்பாடு. அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். காலையில் ஷிப்டுக்குப் போகிற கூட்டம் எதிர்த்திசையில் வருவதால் உட்கார இடம் கிடைக்கும். அங்கிருந்து காட்டோர ஊருக்கு ஆட்டோ இருநூறு ரூபாய்.

"ஆனை பாக்க வந்தீங்களா சார்?" என்றார் ஓட்டுநர் ஷபீர்.

"இல்லைங்க, வானத்துலேருந்து ஒரு பெட்டி எறங்கப் போவுது."

சற்று யோசித்தார். "அதுக்கு ஆனையே தேவல சார்."

ஒன்பதரைக்கு எங்கள் குழுவினர் பலூனிலிருந்து கலத்தை விட்டார்கள். காற்று முன்னறிவிப்பைப் பொய்யாக்கியது. என் மென்பொருள் காற்றைப் பொய்யாக்கியது. கலம் குறியிலிருந்து பத்தே அடி தள்ளி இறங்கியது. வரைபடத்தில் அந்த இடம் வெளிர்பச்சையாக, காலியாக இருந்தது. நேரில் அது அறுவடைக்கு நின்ற ராகி. பெட்டியை எடுக்க நாங்கள், எங்களை வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் என்று எல்லோரும் உள்ளே ஓடினோம். வெளியே வந்தபோது நின்ற கதிரைவிடச் சாய்ந்த கதிர் அதிகம்.

கொல்லைக்காரி லட்சுமம்மா முதலில் தெலுங்கில் திட்டினார். எனக்குப் புரியவில்லை என்று கண்டதும் அக்கறையோடு தமிழுக்கு மாறினார். "ஒரு மாசமா பட்டாசு வெடிச்சு ஆனையத் தொரத்துனேன். நாளைக்கு அறுக்க ஆளு சொல்லி வெச்சிருக்கேன்!" பிறகு பெட்டியைப் பார்த்தார். குரல் தணிந்தது. "சரி வுடுங்க. காத்து தூக்கிட்டு வந்துட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க."

அங்கே நான் தலையாட்டியிருக்கலாம். தொழில் கௌரவம் விடவில்லை. "காத்து இத ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இங்கதான் எறங்கணும்னு போட்டோம், சரியா எறங்கிடுச்சு."

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

வானத்துக்கு வாங்கிய அனுமதிகள் எல்லாம் பையில் இருந்தன. நிலத்துக்காரியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பொழுது சாயும்வரை கதிர் பொறுக்கினோம். பாதித் தானியம் மண்ணில் உதிர்ந்திருந்தது. இழப்புக்குப் பணம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சோதனை முழு வெற்றி என்று அறிக்கை போயிருக்கிறது. அதில் என் பெயர்தான் முதலில்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். எதையாவது இறக்குவதாக இருந்தால், முந்தின நாளே நடந்து போய், அது யார் கொல்லை என்று கேளுங்கள். திரும்புவதற்கு ஆட்டோவை நிறுத்திவைப்பது நல்லது. ஷபீர் காத்திருந்தார். பேருந்து நிலையம்வரை யானைப் பேச்சையே எடுக்கவில்லை.